மேத் இருக்கும் இடம்

மார்ச் 18

அண்ணிக்கு,

உங்கள் நாத்தனார்தான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கவரைப் பிரிக்காமல் மேசை மேல் வீசியிருப்பீர்கள். வீசினாலும் பரவாயில்லை, சாயங்காலத்துக்குள் ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுங்கள். இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள், காரியம் என்றதும் வந்து நிற்கிறாள் என்று நினைப்பீர்கள். உண்மைதான். காரியம்தான். தலை போகிற காரியம்.

நான் இன்னமும் இதே குட்டித் தீவில், இதே நீர்மட்ட நிலையத்தில்தான் இருக்கிறேன். இங்கே ஃபோன் எடுக்காது என்பது உங்களுக்குத் தெரியும். வாரம் இரண்டு முறை விசைப்படகு வரும், தபால் அதில்தான். காலையும் மாலையும் கோலில் நீர்மட்டம் பார்த்துக் குறிக்கிறேன். நீங்கள் எழுதித் தந்த கம்ப்யூட்டர் நிரலை ஓட்டி, நீர் ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் அச்சிட்டு படகுத்துறைப் பலகையில் ஒட்டுகிறேன். ஆறு வருஷமாக அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

இந்த வருஷம் ஜனவரி முதல் தேதி, அலுவலகத்திலிருந்து புதுக் கம்ப்யூட்டர் வைத்தார்கள். பழையதில் இருந்த நம் ஃபோல்டரை அப்படியே இதில் போட்டுத் தந்தார்கள். மார்ச் 14 அன்று சரக்குப் படகு மணல்திட்டில் மோதிவிட்டது. படகை ஓட்டியவர் மீசைக்காரர். நீங்கள் முதல் முறை இங்கே வந்தபோது, வாந்தி எடுக்க வாளி நீட்டினாரே, அவரேதான். பலகையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் போதும் என்று கிளம்பியிருக்கிறார். தண்ணீர் இல்லை. படகு சாய்ந்து, பெட்டி ஒன்று சரிந்து, அவர் இடது கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

ஏப்ரல் 20 விசாரணை. மேலதிகாரி இங்கே வந்து முகத்துக்கு நேரே சொன்னார்: "ஆறு வருஷம் சரியா ஓடினது திடீர்னு தப்பா ஓடுமா? நீங்கதான் எதுலயோ கைவெச்சிருக்கீங்க." நான் எதையும் தொடவில்லை அண்ணி. நிரலை வரி வரியாகப் படித்துவிட்டேன். ஒரு எண்கூட மாறவில்லை.

ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. முதல் வரி 'இம்போர்ட் மேத்', அதாவது மேத் என்ற கணக்குத் தொகுப்பை எடுத்துக்கொள் என்று. சரி, அந்த மேத் எங்கே இருக்கிறது, அதில் யாராவது விளையாடியிருக்கிறார்களா என்று பைத்தான் மொழியின் லைப்ரரி ஃபோல்டரைத் திறந்தேன். காலண்டர் இருக்கிறது. ராண்டம் இருக்கிறது. திறந்தால் எழுத்தும் தெரிகிறது. மேத் மட்டும் இல்லவே இல்லை. இரண்டு நாள் தேடினேன். புது மெஷின் போட்டவர்கள் அதைப் போட மறந்துவிட்டார்களா?

உங்களைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆள் கிடையாது.

நாத்தனார்

மார்ச் 24

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. வீசவில்லை. வாசலில் நின்றபடியே படித்தேன்.

முதலில் மீசைக்காரர் கை எப்படி இருக்கிறது என்று எழுது. அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேத்தைத் தேடப் போய்விட்டாய்.

மேத்தைப் போட யாரும் மறக்கவில்லை. மறந்திருந்தால் முதல் வரியிலேயே நிரல் நின்றுபோயிருக்கும். நீ தேடிய விதத்தில்தான் தவறு, அது நான் உனக்குச் சொல்லித்தராத பாடம். பைத்தானோடு வரும் துணைத் தொகுப்புகள், அதாவது மாட்யூல்கள், எல்லாம் ஒரே மாதிரி குடியிருப்பதில்லை. சில பைத்தானிலேயே எழுதப்பட்டவை. நீ பார்த்த காலண்டரும் ராண்டமும் அந்த வகை, திறந்து படிக்கலாம். சில சி மொழியில் எழுதி, கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி, தனி ஃபைலாக வைக்கப்பட்டவை. அவை லைப்ரரிக்குள் இன்னொரு ஃபோல்டரில் இருக்கும், திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். மூன்றாவது வகைக்கு ஃபைலே கிடையாது. பைத்தானைக் கட்டும்போதே அதன் உடம்புக்குள் சேர்த்துவிடுவார்கள். அதைத் தேடி நீ எந்த ஃபோல்டரைப் புரட்டினாலும் அகப்படாது.

மேத் எப்போதும் சி மொழிச் சரக்கு. ஆனால் அது தனி ஃபைலாக இருக்குமா, உள்ளேயே இருக்குமா என்பது அந்தப் பைத்தானை யார் எப்படிக் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் யூகிக்காதே, அதையே கேள். நம் நிரல் இருக்கும் ஃபோல்டருக்குள் போய் பைத்தானைத் திற. 'இம்போர்ட் மேத்' என்று அடி. அடுத்த வரியில் மேத், ஒரு புள்ளி, இரண்டு அடிக்கோடு, ஃபைல் என்ற சொல், மறுபடி இரண்டு அடிக்கோடு, இடைவெளி விடாமல். அது எங்கிருந்து வந்தது என்று தானே சொல்லும். பழைய கம்ப்யூட்டர் இன்னும் அங்கே இருந்தால் அதிலும் இதையே செய். இரண்டு பதிலையும் எழுத்து பிசகாமல் எனக்கு அனுப்பு.

இன்னொன்று. உன் கோல் குறிப்பையும் பலகை நேரத்தையும் ஜனவரி ஒன்றிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். வித்தியாசம் ஒரே அளவில் இருக்கிறதா, கூடிக்கொண்டே போகிறதா?

காரியத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். கேட்காமல் இருக்க முடியாததால் இதையும் கேட்கிறேன். இரண்டு பெட்டியோடு நான் உங்கள் வீட்டிலிருந்து இறங்கிய அன்று, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் அண்ணன் பேசாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பேசி முடித்துத்தானே பிரிந்தோம். எட்டு வருஷம் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள் நீ. "போய்ட்டு வாங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாயிலிருந்து முத்தா கொட்டிப் போயிருக்கும்?

உன் முன்னாள் அண்ணி

மார்ச் 28

அண்ணிக்கு,

முன்னாளாவது பின்னாளாவது. அடுத்த கடிதத்தில் அந்த வார்த்தை வேண்டாம்.

மீசைக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டு போட்டிருக்கிறார்கள். இனி அந்தக் கையால் சக்கரம் திருப்ப முடியுமா என்று ஆறு வாரம் கழித்துத்தான் சொல்வார்களாம். அதை எழுதக் கை வராமல்தான் ஒரு வரியோடு விட்டேன்.

படிக்கட்டு விஷயம். முந்தின நாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நீ நடுவுல வாயத் திறக்காத. யார் பக்கம் பேசினாலும் இன்னொருத்தர் உனக்கு இல்லாம போயிடுவாங்க" என்றான். நான் பயந்துபோனேன். வாயைத் திறக்காமல் இருந்தால் இரண்டு பேரும் மிச்சம் இருப்பீர்கள் என்று நினைத்தேன். "போய்ட்டு வாங்க" என்று சொன்னால், நீங்கள் போவது முடிவாகிவிடும் என்று தோன்றியது. அதனால்தான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு நாலு கடிதம் எழுதினேன். ஒன்றும் படகேறவில்லை. கிழித்துப் போட்டேன்.

இனி காரியம். பழைய கம்ப்யூட்டர் போகவில்லை. மழைக்கோட்டு மாட்டும் கொக்கிக்குக் கீழே, செருப்பு வைக்கும் பலகையாகப் பதவி உயர்வு பெற்று உட்கார்ந்திருந்தது. துடைத்துப் போட்டேன், இருமிக்கொண்டே எழுந்தது. நீங்கள் சொன்னதை அடித்தேன். மேத் என்ற மாட்யூலுக்கு ஃபைல் என்று ஒன்று இல்லை என்று திட்டியது. அதாவது உங்கள் மூன்றாவது வகை, சரிதானே?

புதியதில் திட்டவில்லை. பாதையைச் சொன்னது. படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். லைப்ரரி ஃபோல்டர் இல்லை அண்ணி. நம்முடைய ஃபோல்டர். நிரலுக்குப் பக்கத்திலேயே மேத் என்ற பெயரில் ஒரு ஃபைல் கிடக்கிறது. நான் லைப்ரரியையே தோண்டிக்கொண்டிருந்ததில் வாசலைப் பார்க்கவே இல்லை. திறந்தால் இரண்டே வரி. முதல் வரி: 'வாலுக்குப் பாடம் நான்கு.' இரண்டாவது வரி: பை சமம் 3.14.

என்னை வாலு என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான்.

வித்தியாசத்தையும் பார்த்தேன். கூடிக்கொண்டேதான் போகிறது. பலகை பின்தங்குகிறது. ஜனவரி பதினைந்தில் பத்து நிமிடம். மாதக் கடைசியில் இருபத்திரண்டு. பிப்ரவரி கடைசியில் நாற்பத்துமூன்று. விபத்தன்று ஐம்பத்திரண்டு நிமிடம். பிப்ரவரியிலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. காற்றால் இருக்கும் என்று தள்ளிவிட்டேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஃபைல் எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். அழித்துவிடட்டுமா? அழித்துவிட்டால் நிரல் சரியாகிவிடும், உங்கள் பெயரும் எங்கும் வராது. என்னை வேறு இடத்துக்கு மாற்றினால் மாற்றட்டும். கோல் பார்க்கிற வேலைதானே, எங்கே போனாலும் தண்ணீர் இருக்கும்.

வாலு

ஏப்ரல் 1

வாலு,

அழிக்காதே. தொடாதே. அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பிரதி எடுத்து உறையில் போட்டு, தேதி எழுதிக் கையெழுத்திட்டு வை. புதியதில் நிரலையும் இனி ஓட்டாதே. பலகையில் இருப்பதை இன்றே கிழித்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரில் ஓட்டி எடுத்த நேரங்களை ஒட்டு. உன் கோல் குறிப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டு.

இப்போது எனக்கு எல்லாம் நினைவு வருகிறது. ஆறு வருஷத்துக்கு முன்பு, மழை விடாத அந்த வாரம், உனக்கு மாட்யூல் செய்யக் கற்றுக்கொடுத்தேன். "மேத்னே பேர் வெச்சு, தப்பான பை போட்டா என்ன ஆகும் அண்ணி?" என்று கேட்டாய். செய்தே காட்டினேன். ஓட்டியதும் சரியான பைதான் வந்தது. "பாரு, உள்ளேயே இருக்கறத வெளியில இருக்கறது எதுவும் பண்ண முடியாது" என்று பெரிய பண்டிதர் மாதிரி சொன்னேன். பாடம் முடிந்தது, டீ குடிக்கப் போனோம். ஃபைலை எடுத்துப் போடவில்லை.

நான் சொன்னது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் உண்மை. பைத்தான் ஒரு மாட்யூலைத் தேடும்போது முதலில் தன் உடம்புக்குள் இருப்பவற்றைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால் நிரல் நிற்கும் ஃபோல்டர். அதற்குப் பிறகுதான் லைப்ரரி. பழையதில் மேத் உடம்புக்குள் இருந்தது. என் குப்பை ஆறு வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. புதியதில் மேத் லைப்ரரியில் தனி ஃபைல். தேடி வரும் வழியில் என் குப்பை முதலில் அகப்பட்டுவிட்டது. நிரலுக்கு வேண்டிய இன்னொரு கணக்கான கொசைன் என் ஃபைலில் இல்லை, அதை மட்டும் மேத்தின் பங்காளி மாட்யூல் ஒன்றிலிருந்து எடுப்பது என் பழக்கம். இல்லாவிட்டால் நிரல் அன்றே முறைத்துக்கொண்டு நின்றிருக்கும், எல்லோரும் பிழைத்திருப்போம். பை 3.14159 என்பதற்குப் பதில் வெறும் 3.14 என்று கொஞ்சம் குறைந்ததால் வருஷத் தொடக்கத்திலிருந்து எண்ணும் ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறு சேர்ந்திருக்கிறது.

விசாரணை அதிகாரிக்கு இன்றே எழுதிவிட்டேன். இருபதாம் தேதி நேரில் வருவதாகவும் சொல்லியிருக்கிறேன். என் பெயரைக் காப்பாற்ற உன் வேலையைக் கொடுக்கிறாயாம். உன்னை எந்தக் கட்டையால் அடிப்பது என்று தெரியவில்லை.

பிப்ரவரியில் சந்தேகம் வந்ததையும் நீ சொல்லத்தான் வேண்டும். எழுதி என்னிடம் கொடு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நாலு கடிதம் எழுதிக் கிழித்தாயாம். ஒன்றையாவது அனுப்பித் தொலைத்திருக்கக் கூடாதா? ஒவ்வொரு படகு நாளன்றும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். இதை உனக்குச் சொல்லக் கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 21

வாலு,

கோல் பார்க்க ஆள் வேண்டும் என்று உன்னை வரவிடவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

துறைமுக அலுவலகத்தின் இரண்டாம் மாடி. நீள மேசை, காற்றாடி ஒன்று கழுத்தை ஒடித்துக்கொண்டு சுற்றியது. ஒரு பக்கம் விசாரணை அதிகாரி அம்மாள், வெள்ளைச் சட்டத்தில் மூக்குக்கண்ணாடி. அவர் பக்கத்தில் உன் மேலதிகாரி. எதிரே, கழுத்தில் தூளி கட்டிய கையோடு மீசைக்காரர். நான் இரண்டு கம்ப்யூட்டரையும் மேசை மேல் வைத்தேன். புதியதோடு உன் செருப்புப் பலகையையும் விசைப்படகில் ஏற்றி அனுப்பினாயே, அதற்கு நன்றி.

பழையதில் கேட்டேன், ஃபைல் இல்லை என்றது. புதியதில் கேட்டேன், நம் ஃபோல்டரைக் காட்டியது. நம் ஃபைலின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி கேட்டேன். இந்தத் தடவை லைப்ரரிக்குள் இருக்கும் கம்பைல் ஃபைலைக் காட்டியது. மார்ச் 14க்கு ஓட்டினேன். உன் கோல் குறிப்புக்கும் அதற்கும் மூன்று நிமிடம்தான் வித்தியாசம்.

அதிகாரி அம்மாள் கேட்டார்: "அப்போ அந்த ஃபைல வெச்சது யாரு?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"சொல்லிக்குடுக்கறதுக்கு. சொல்லிக்குடுத்துட்டு எடுக்க மறந்துட்டேன்."

உன் மேலதிகாரி இருமினார். "இருந்தாலும் நிலையத்துல இருக்கற அந்தப் பொண்ணு கவனிச்சிருக்கணும்ல?"

உன் கடிதத்தைக் கொடுத்தேன். அம்மாள் இரண்டு முறை படித்தார். பிப்ரவரியில் தெரிந்தும் தெரிவிக்காததற்கு உனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. வேலைக்கு ஆபத்து இல்லை, இடமாற்றமும் இல்லை. புது மெஷின் வைத்தவுடன் ஒரு வாரமாவது கோலோடு ஒத்துப்பார்க்காமல் விட்டதற்கு அலுவலகத்துக்கும் குட்டு விழுந்தது. மேலதிகாரி காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தவறு என் பெயரில் பதிவாகிவிட்டது. அலுவலகத்தின் கீழ் இருக்கும் ஐந்து நிலையங்களின் நிரல்களையும் நேரில் போய் நானே சரிபார்த்துத் தர வேண்டும் என்பது உத்தரவு. பதிவானது நியாயம். உத்தரவில் எனக்குச் சந்தோஷம்.

வெளியே வந்ததும் மீசைக்காரர் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார். மன்னிப்பு கேட்பது எப்படி என்று ரயிலில் நாலு விதமாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. "உங்க கை என்னாலதான் போச்சு" என்றேன்.

அவர் கழுத்துத் தூளியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "கோவம் இல்லன்னு சொன்னா பொய்மா," என்றார். "ஒரு மாசமா சட்டைக்குப் பித்தான் போட என் பொண்டாட்டிய கூப்பிடறேன். ஆனா உங்க நாத்தனார் தப்பு பண்ணலன்னு தெரிஞ்சதுல நிம்மதி. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் காலப் புடிச்சுக்கிட்டு ஒன்னும் பேசாம நின்னுச்சு. எனக்குத்தான் அதப் பார்க்க முடியல."

நீ ஆஸ்பத்திரிக்குப் போனதை எனக்கு எழுதவில்லை. நீ பேசாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று மற்றொருவர் வாயால் கேட்டபோதுதான் எனக்கு அது புரிந்தது. இரண்டு வருஷம் தப்பாகப் படித்துவிட்டேன்.

அண்ணி

ஏப்ரல் 25

அண்ணிக்கு,

படகுத்துறையிலேயே பிரித்துப் படித்தேன். படகுக்காரர், "என்னம்மா, அழறியா சிரிக்கிறியா?" என்றார். "ரெண்டும்தான், நீங்க மூட்டைய இறக்குங்க" என்றேன்.

இப்போது புது மேத் சமர்த்தாக ஓடுகிறது. ஆனாலும் தினமும் கோலோடு ஒத்துப்பார்த்து, பலகையில் இரண்டு நேரத்தையும் எழுதுகிறேன். படகோட்டிகள், "கணக்கு டீச்சர் வந்தாச்சு" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

இந்தக் கடிதத்தை இங்கேயே முடித்துவிட ஆசை. ஆனால் வாயைத் திறக்காமல் இருந்து ஒரு தடவை பட்டது போதும்.

அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். ஜூனில். அவள் ஒரு பல் மருத்துவர். போன மாதம் ஒரு தடவை பார்த்தேன். நல்லவளாகத்தான் தெரிகிறாள். அதுவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, கெட்டவளாக இருந்திருந்தால் சௌகரியமாகப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். அண்ணன் அவள் முன்னால், "அண்ணின்னு கூப்பிடு" என்றான். நான் இருமிச் சமாளித்தேன்.

யாரோ சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் நானே எழுதுகிறேன். எழுதிவிட்டு, படகு கிளம்பும் வரை இதைத் திரும்ப வாங்கிவிடாமல் இருக்கக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

வாலு

ஏப்ரல் 29

வாலு,

நல்ல செய்தி. நிஜமாகத்தான் சொல்கிறேன். படித்ததும் ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன், இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டது. துடைத்து முடிப்பதற்குள் சரியாகிவிட்டேன்.

உன் அண்ணனுக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. அவ்வளவுதான். அவன் தனியாகவே கிடக்க வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

புதிதாக வருகிறவளை அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிடு. இருமிச் சமாளிக்காதே. அவளுக்கும் அந்த வீட்டில் யாராவது ஒருத்தி வேண்டும். நீ எப்படிப்பட்ட நாத்தனார் என்று எனக்குத் தெரியும், அவள் கொடுத்துவைத்தவள். என்னை இனி வேறு ஏதாவது சொல்லிக் கூப்பிடு. அக்கா என்றோ, பெயர் சொல்லியோ. எனக்கு ஒன்றும் இல்லை.

ஐந்து நிலையங்களில் உன்னுடையதைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைப் படகில் வருகிறேன். பத்து நாள் வேலை என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். நாலு நாளில் முடியும்.

(இந்த இடத்தில் என்ன கையெழுத்து போடுவது என்று தெரியவில்லை.)

மே 2

அண்ணிக்கு,

அக்கா என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். யாரோ பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுதுவது போல் இருக்கிறது. பெயரை எழுதிப் பார்த்தேன், கை கூசுகிறது.

அந்தப் பல் மருத்துவருக்கு நேற்று எழுதினேன், நீங்கள் சொன்னபடி அண்ணி என்றே. உங்களைப் பற்றியும் எழுதினேன், இங்கே வருகிறீர்கள் என்பதையும். அண்ணனுக்கு ஒரே மனைவி என்பது சட்டம். நாத்தனாருக்கு ஒரே அண்ணிதான் என்று நான் எந்தச் சட்டத்திலும் படித்ததில்லை. அவளுக்குச் சம்மதம் இல்லையென்றால் என் பல்லை அவளிடம் காட்டாமல் இருந்துவிட்டுப் போகிறேன்.

இரண்டாவது கட்டிலை வெயிலில் போட்டு எடுத்துவிட்டேன். துறையில் மூன்றாவது படியில் பாசி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பிடித்து இறக்க நான் நிற்பேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு நிற்கப் போவதில்லை, படகு தெரிந்ததுமே கத்த ஆரம்பித்துவிடுவேன். காது பத்திரம்.

வாலு